உறுமீன்: மூத்த பாஸ் மீனைத் தேடும் முறை

முன் அதிகாரங்களில் சொல்லப்பட்ட முறைகளைக் கைக்கொண்டு, ஒரு காலைப் பொழுதுக்குள் பத்துப் பன்னிரண்டு பாஸ் மீன்களைப் பிடித்துவிடும் தேர்ச்சியை அடைந்தவரின் மனத்தில், எண்ணிக்கை போதும், இனி ஒரு முறையேனும் இந்த ஏரியின் மூத்த மீனைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை தானாகவே எழுகிறது. அந்த ஆசை உடையவருக்காகவே இந்த அதிகாரம். அத்தகைய மீனை உறுமீன் என்னும் பழந்தமிழ்ச் சொல்லாலேயே இங்கே குறிக்கிறேன். பருமனை மாத்திரம் சுட்டாமல், காத்திருந்ததற்குத் தகுதியான மீன் என்ற குறிப்பும் அந்தச் சொல்லில் அடங்கியிருப்பதால், வேறு சொல் தேட எனக்கு மனம் வரவில்லை.

பாஸ் என்று இந்நூல் முழுவதும் சொல்லப்படுவது வட அமெரிக்காவின் நன்னீர் மீனாகிய பெருவாய் பாஸ் என்பதை வாசகர் அறிவார். நம் கழிமுகங்களில் அகப்படும் கொடுவாவுக்கும் ஆங்கிலத்தில் பாஸ் என்ற பெயர் வழங்கினாலும், அது வேறு குலத்தைச் சேர்ந்தது. இதற்கோ மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னோக்கி நீண்டிருக்கும்; விலாவில் ஒரு கரும்பட்டை ஓடும். இவற்றுள் ஆண்மீன் ஐந்து பவுண்டைத் தாண்டுவது அரிது. ஆகையால் உறுமீன் என்பது ஏறத்தாழ எப்போதும் பெண்மீனே. அதுவும் எட்டு, பத்து ஆண்டுகள் கொக்குக்கும், நீர்நாய்க்கும், வறட்சிக்கும், எத்தனையோ தூண்டில்களுக்கும் தப்பிப் பிழைத்த கிழப் பெண்மீன். அத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு அது கற்றுக்கொண்ட பாடம் சிக்கனம். அற்ப ஆகாரத்தைத் துரத்தித் தன் பலத்தை அது விரயம் செய்வதில்லை. பெரிய இரை ஒன்று தன் வாசலுக்கு எளிதாக வந்து சேரும் வரையில் மறைவில் கிடந்து, வந்தவுடன் வாயையும் செவுளையும் ஒருசேர விரித்து, நீரோடு சேர்த்து அதை உறிஞ்சிவிட்டு, மீண்டும் மறைவுக்கே திரும்பிவிடுகிறது. ஆதலால், சிறு மீன் பிடிக்கும் சாமர்த்தியத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் பெரிய மீனும் ஒரு நாள் தானே அகப்படும் என்று நம்புவது பொருந்தாது. இது வேறொரு பிராணி. இதற்கென்று வேறொரு நாளும், வேறொரு இரையும், வேறொரு பொறுமையும் வேண்டும்.

முதலாவதாக நீர்நிலையைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தைக் கவனிப்போம். 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில், ஒகமல்கீ ஆறு தன் பழைய தடத்தை விட்டு விலகியபோது பின்தங்கிப்போன மான்ட்காமரி ஏரியில், ஜார்ஜ் பெர்ரி என்னும் இளம் விவசாயி போலி மீன் ஒன்றை வீசி, 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 10.1 கிலோ நிறையுள்ள பாஸைப் பிடித்தார். பொருளாதார நெருக்கடி மிகுந்த காலமாதலால், எடை போட்டு முடிந்ததும் அவர் குடும்பத்தார் அதைச் சமைத்து உண்டனர். சரியாக 77 ஆண்டுகளும் ஒரு மாதமும் கழிந்து, 2009-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதியன்று, ஜப்பானின் பீவா ஏரியில் மானபு குரிட்டா என்பவர், உயிருள்ள ப்ளூகில் மீனை இரையாக விட்டு அதைக் காட்டிலும் ஓர் அவுன்ஸ் கூடுதலான மீனைப் பிடித்தபோது, இரண்டு அவுன்ஸாவது மிஞ்சியிருந்தாலன்றிப் பழைய சாதனையை விலக்க முடியாது என்ற சர்வதேச விதியின்படி இருவரும் சமம் என்றே தீர்மானிக்கப்பட்டது. இவ்வளவு காலம் அந்த அளவை எவராலும் தெளிவாகத் தாண்ட முடியாமற்போனது, இத்தகைய மீன் எல்லா நீரிலும் விளைவதில்லை என்பதையே காட்டுகிறது. நீண்ட வெப்பகாலமும், குறைவுபடாத இரையும், அவற்றோடு மரபும் ஒன்றுகூடினால்தான் அது விளையும்.

மரபு என்றேன், ஃபுளோரிடாவைச் சேர்ந்த பாஸ் மற்ற வகைகளைவிட மிகவும் பருமனாக வளரும் சுபாவமுடையது. 1959-இல் அந்த வகையைக் கலிபோர்னியாவின் சான் டியேகோ பிரதேசத்து நீர்த்தேக்கங்களில் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்காலத்தில் பொழுதுபோக்குக்காக அங்கே விடப்பட்ட ட்ரௌட் மீன்களை உண்டு அவை பிரம்மாண்டமாக வளர்ந்தன. டெக்ஸாஸ் மாநிலத்தார் 1986 முதல், 13 பவுண்டுக்குக் குறையாத மீன்களைப் பிடித்தவரிடமிருந்து இரவலாக வாங்கி, பண்ணையில் முட்டையிடச் செய்து, குஞ்சுகளை ஏரிகளில் விடும் ஏற்பாட்டை நடத்திவருகிறார்கள். அந்த ஏற்பாட்டின் முதல் மீனாகிய 17.67 பவுண்டுப் பெண்மீன் கிடைத்த லேக் ஃபோர்க், மரங்களை வெட்டாமலே நீர் நிரப்பப்பட்ட ஏரி; இன்றும் அங்கே படகில் போகிறவர் மூழ்கிய காட்டின் மேலேதான் போகிறார். ஆகவே, வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஒரு குளத்தைக் கட்டிக்கொண்டு அழாமல், அந்தந்த மாநிலத்து மீன்துறையார் வெளியிடும் ஆய்வுக் குறிப்புகளைப் படித்து, பெரிய மீன் வாழ்வது உறுதியாகத் தெரிந்த நீருக்கே செல்லுங்கள். வடக்கு மாநிலங்களில் ஆறு பவுண்டு மீனே உறுமீன். ஃபுளோரிடாவில் எட்டுப் பவுண்டு முதல் கணக்கில் வைக்கிறார்கள். அந்தந்த நீருக்கு அந்தந்த அளவுகோல்.

ஃபுளோரிடா ஏரிகளில் இந்த மீனுக்கு நிழலும் மறைவுமாக விளங்கும் ஹைட்ரில்லா, நம் குளங்களில் வேலம்பாசி என்று வழங்கும் அதே பாசிதான் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1950-களின் தொடக்கத்தில், கண்ணாடித் தொட்டிகளுக்கான அலங்காரச் செடியாக இலங்கையிலிருந்து அது அங்கே போய்ச் சேர்ந்து, வாய்க்கால்களில் தப்பிப் பெருகி, இன்று அரசாங்கத்துக்குத் தீராத தொல்லையாக இருக்கிறது. தூண்டிற்காரருக்கோ அந்தப் பாசிப் படுகையின் வெளிவிளிம்பு எங்கே திடீரென்று முடிகிறதோ அந்த இடமே முதலில் நாட வேண்டிய இடம்.

இனிக் காலம். இந்த அதிகாரத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆண்டின் எல்லா நாட்களிலும் உறுமீன் அகப்படலாம் என்பது உண்மையானாலும், முட்டையிடுவதற்கு முந்திய சில வாரங்களில்தான் அது ஆழத்தை விட்டுக் கரைப்பக்கம் நகர்கிறது. அப்போதுதான் சினை நிறைந்த வயிற்றோடு, ஆண்டிலேயே மிக அதிகமான எடையோடு, பசியோடு இருக்கிறது. ஃபுளோரிடாவில் ஜனவரி முதலும், டெக்ஸாஸில் பிப்ரவரி, மார்ச்சிலும், வடக்கே மே மாதத்திலும் இப்பருவம் வருகிறது. நாட்காட்டியை நம்புவதைவிட நீரின் உஷ்ணத்தை நம்புவது நலம். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஏறிவரும் நீர், 60-க்கும் 65-க்கும் இடையே வந்தவுடன் மீன்கள் முட்டையிடத் தொடங்கும். ஆகையால் 52 முதல் 60 வரையில், அதாவது சுமார் 11 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைவெளியே நமக்குரிய காலம். அதிலும், தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று மூன்று நாட்கள் தொடர்ந்து வீசி, நான்காம் நாள் குளிர்ந்த வாடை வரப்போகிறது என்று வானம் மூட்டமிடும் பிற்பகல் ஒன்று வாய்க்குமானால், மற்றக் காரியங்களை ஒத்திவைத்துவிட்டாவது ஏரிக்குப் போய்விட வேண்டும். வாடை வந்து வானம் வெளுத்த மறுநாள், அதே மீன் அதே கட்டையருகில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

சந்திரனின் நிலையைக் கொண்டு நேரம் கணிப்பவர்களும் உண்டு. ஃபுளோரிடாவின் டக் ஹானன் அதில் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தவர். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வெப்பமானி காட்டும் இரண்டு டிகிரி ஏற்றத்தை அதைவிட மேலான சாட்சியாகக் கருதுகிறேன்.

குளிர்கால முடிவில் வடமேற்குக் கரையிலுள்ள உட்குடாக்கள் வாடைக் காற்றுக்கு மறைவாகவும், தென்திசை வெயிலுக்கு முகம் காட்டியவாறும் இருப்பதால், மற்ற இடங்களைவிட முந்திச் சூடேறுகின்றன. அந்தக் குடாக்களுக்குள் மீன் ஒரே மூச்சில் வந்துவிடுவதில்லை. ஆழத்திலிருந்து கரைக்கு வரும் வழியில், பழைய ஆற்றுப் பள்ளம் கரைமுனையை நெருங்கி வளையும் இடத்திலோ, மூழ்கிய சாலையொன்று பள்ளத்தில் இறங்கும் இடத்திலோ, வழிப்போக்கர் சத்திரத்தில் தங்குவது போல அது சில நாட்கள் தங்குகிறது. நீரின் அடியிலுள்ள மேடு பள்ளங்களே மீனுக்குப் பாதையும் தங்குமிடமும் என்ற உண்மையை, வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெர்ரி ஒலிமானிகள் வருவதற்கு முன்பே உலகுக்கு எடுத்துச் சொன்னார். இன்று அந்த மேடு பள்ளங்களைத் திரையிலேயே காட்டும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கருவி காட்டுகிற பத்துக் கட்டைகளில், பள்ளத்தின் விளிம்பில் தனித்து நிற்கும் கட்டை எது என்று தேடிக் காண்பது நம் பொறுப்பு. தனித்து நிற்கும் மறைவிடத்தை வலிமை மிகுந்த மீன் பிறருக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

முட்டையிடும் குழியின் மேல் நிற்கும் மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆண்மீன் வாலால் தரையைத் துடைத்துக் குழி பறித்து, முட்டைகளையும் பின்னர் குஞ்சுகளையும் காவல் காக்கிறது. நம் ஏரிகளில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் விரால் காவல் நிற்பதைப் பார்த்தவருக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. அந்தக் காவலை அகற்றினால், நொடிப்பொழுதில் ப்ளூகில் மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். அந்த நிலையில் மீன் இரையைக் கவ்வுவதும் பசியால் அன்று, தன் குழியைச் சுத்தம் செய்யவே. ஆகையால் முள் வாயில் ஏறாமல் உடம்பில் தைப்பதும் நேர்கிறது. 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவின் டிக்ஸன் ஏரியில் மேக் வீக்லி என்பவர் பிடித்த மீன் கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டிற்று. உலக சாதனையைவிட ஏறக்குறைய மூன்று பவுண்டு அதிகம். ஆயினும் முள் வாய்க்கு வெளியே தைத்திருந்ததால், அவர் அதை ஏரியிலேயே விட்டுவிட்டுச் சாதனைக்கு உரிமை கோராமல் இருந்துவிட்டார். குழியிலிருக்கும் மீனை நான் தேடுவதில்லை. முந்திய மூன்று வாரங்களே எனக்குப் போதுமானவை.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏரியின் நீர் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இரண்டு அடுக்காகப் பிரிந்து, அடி அடுக்கில் பிராணவாயு குன்றிவிடுவதால், அந்த எல்லைக்குக் கீழே இரையை இறக்குவதில் பிரயோஜனமில்லை. பகலைவிட இரவே மேல்.

இரை விஷயத்தில் துணிவு வேண்டும். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள மீனை விழுங்குவது பாஸுக்கு ஒரு பொருட்டன்று. கலிபோர்னியாவில் ட்ரௌட் தின்று பழகிய மீன்களுக்காக எட்டு, பத்து அங்குல நீளமுள்ள போலி ட்ரௌட்டுகளை வீசத் தொடங்கிய பின்னர்தான் அங்கே பெரிய மீன்கள் வரிசையாக வெளிப்பட்டன. அத்தகைய இரையை வீசுகிறவர் ஒரு நாள் முழுவதும் ஒரு தடவைகூட இழுப்பு உணராமல் திரும்ப நேரிடும்; பக்கத்துப் படகில் இருப்பவர் சிறு மீன்களாகப் பிடித்துக்கொண்டிருப்பார். அதைக் கண்டு மனம் தளர்ந்து சிறிய இரைக்கு மாறிவிட்டால், அன்று வந்த நோக்கம் கெட்டது. ஃபுளோரிடாவில் உயிருள்ள காட்டு ஷைனர் மீனே சிறந்தது. ஆகாயத்தாமரை மிதவைக்குக் கீழே அது நீந்திப் போக வேண்டுமானால், முள்ளை உதட்டில் கோக்காமல் பின்பக்கத்தில், மலத்துவாரத் துடுப்பின் அருகே கோக்க வேண்டும். நரம்பைச் சற்று இழுத்தவுடன் அது எதிர்த்திசையில், மிதவைக்குள்ளே ஓடும். உறுமீன் நெருங்கும்போது அந்தச் சிறுமீன் துடிப்பதைக் கோலிலேயே உணரலாம். தக்கை நடுங்கும், சிறிது நேரம் ஓய்ந்திருக்கும், பின்னர் மறைந்துபோகும்.

இவ்விரண்டுக்கும் வசதியில்லாதவருக்குப் பிளாஸ்டிக் புழு இருக்கிறது. 1949-இல் ஓஹையோவின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் உருவாக்கிய இந்த எளிய சாதனம், டெக்ஸாஸ் முறை என்று வழங்கும் கோப்பு முறையோடு சேர்ந்தபோது, மரக்கட்டைகளுக்கு நடுவே சிக்காமல் செல்லும் ஆற்றலைப் பெற்றது. துப்பாக்கிக் குண்டின் வடிவமுள்ள ஈயத்தை நரம்பில் கோத்து, முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். பத்து அங்குலத்துக்குக் குறையாத புழுவாக இருக்கட்டும். அதை இழுக்கும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சான் டியேகோ ஏரிகளில் பெரிய மீன்களைத் தேடிய பில் மர்ஃபி, படகை முன்னும் பின்னும் நங்கூரமிட்டு அசையாமல் நிறுத்தி, ரீலைச் சுற்றாமல், நரம்பைக் கைவிரல்களால் தையல் போடுவதைப் போலச் சிறிது சிறிதாகச் சேர்த்து இழுத்தார். ஒரு வீச்சை முடிக்க அநேக நிமிஷங்கள் ஆகும். நானும் முதலில் இதை மிகைப்பட்ட பொறுமை என்றே எண்ணினேன். பின்னர் அதைப் பழகியபோதுதான், இத்தனை காலம் அடித்தரையில் கூழாங்கல்லையும் களிமண்ணையும் கட்டையையும் பிரித்தறியாமலே மீன் பிடித்துவந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. உறுமீன் கடிக்கும்போது பெரும்பாலும் அதிர்ச்சி எதுவும் இராது. நரம்பின் முனையிலிருந்த சிறு பாரம் இல்லாமற்போனது போலவோ, ஈரத்துணி ஒன்று ஏறிக்கொண்டது போலவோ தோன்றும். அந்தத் தோற்றத்தையே கடி என்று கொண்டு, தொய்வைச் சுற்றியெடுத்துவிட்டுக் கோலை வீசி உயர்த்துங்கள்.

சாதனங்களைப் பற்றி முன்னமே விரிவாகச் சொல்லியிருப்பதால், இங்கே வேண்டியது கொஞ்சமே. ஏழரை அடிக்குக் குறையாத கனத்த கோல். பாசிக்குள் 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. திறந்த தெளிநீரில் 20 பவுண்டு ஃப்ளுரோகார்பன் நரம்பு. நாள்தோறும் தீட்டிய முள். முடிச்சுக்குப் பாலோமார் முடிச்சே எனக்கு உகந்தது. இறுக்குமுன் எச்சிலால் நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். ஒரு மார்ச் மாதத்துக் காலையில், லேக் ஃபோர்க்கில், மூழ்கிய மரங்களுக்கிடையே நான்கு சிறு மீன்களைப் பிடித்துவிட்டு, முள்ளுக்கு மேலே ஓரடி நரம்பு சொரசொரப்பாக இருப்பதை விரலால் தடவித் தெரிந்துகொண்டும், இன்னும் ஒரே ஒரு வீச்சுப் போட்டுவிட்டு அதை நறுக்கிக் கட்டுவோம் என்று இருந்துவிட்டேன். அந்த ஒரே வீச்சில் வந்தது. நீரின் மேல் ஒரு முறை எழும்பித் தலையை உதறிற்று. அந்த வாயின் அகலத்தை நான் பார்த்தேன். நரம்பு ஒரு சப்தமும் இல்லாமல் தளர்ந்தது. பல ஆண்டுகள் கழிந்தும் அந்தக் காலையை நினைக்காமல் என்னால் முடிச்சுப் போட முடிவதில்லை. ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடைசி மூன்றடி நரம்பை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். சிறிது கரடு தென்பட்டாலும் நறுக்கிவிடுங்கள்.

முள் ஏறிய பிறகு முதல் மூன்று நொடிகளில் மீனின் தலையை மறைவிடத்திலிருந்து திருப்பிவிட வேண்டும்; அதற்குத்தான் கனத்த கோல். அது மேலே எழும்ப முயன்றால் கோலின் நுனியை நீருக்குள் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். கைவலை ரப்பர் பூசியதாகவும் பெரியதாகவும் இருக்கட்டும். மீனைத் தலைப்பக்கமாகவே வலைக்குள் செலுத்த வேண்டும், வாலை நோக்கி வலையை நீட்டினால் அது துள்ளி ஓடும்.

வலையில் விழுந்த பிறகுதான் பெரும்பாலோர் அவசரத்தில் தவறு செய்கிறார்கள். வலையை நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். தராசு, அளவுநாடா, புகைப்படக் கருவி ஆகியவற்றை முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். தராசு இல்லையானால், நடு உடம்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்டுக் கணக்கில் ஏறத்தாழ எடை கிடைக்கும்: 24 அங்குல நீளமும் 19 அங்குலச் சுற்றளவும் உள்ள மீன் சற்றேறக்குறைய 10.8 பவுண்டு. மீனைத் தூக்கும்போது கை நனைந்திருக்க வேண்டும். காய்ந்த கை அதன் உடலிலுள்ள காப்புக் கோழையைத் துடைத்துவிடும். கீழ்த்தாடையை மாத்திரம் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால், இத்தனை எடையுள்ள மீனின் தாடை மூட்டு பழுதுபடும். ஒரு கை தாடையிலும் ஒரு கை வயிற்றின் கீழுமாகப் படுக்கை நிலையில் ஏந்துங்கள். உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு வேண்டும்போது அதற்கும் வேண்டும்.

அதைத் திருப்பி விடுவதா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் என் பதில் ஒன்றே. பத்து ஆண்டுகளில் விளைந்ததை ஒரு வேளைச் சமையலுக்குச் செலவிட இந்த நாளில் எவருக்கும் அவசியம் நேர்வதில்லை. உண்ண விரும்புவோர்க்குச் சட்டம் அனுமதிக்கும் சிறு மீன்களே சுவையும் மிகுந்தவை. மேலே சொன்ன டிக்ஸன் ஏரி மீன், செவுளருகே இருந்த கரும்புள்ளியால் அடையாளம் காணப்பட்டது. 2003-இல் 21 பவுண்டு 11 அவுன்ஸ் இருந்தபோதே அது ஒருவர் கையில் அகப்பட்டு விடுவிக்கப்பட்டிருந்ததனால்தான் மூன்றாண்டுகளுக்குப் பின் வேறொருவர் அதை 25 பவுண்டாகக் காண முடிந்தது. ஆனால் ஜப்பானில் நிலைமை வேறு. 1925-இல் அந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட பாஸ், அங்கே சுதேச மீன்களுக்குப் பகையாகிவிட்டது. பீவா ஏரியில் பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்த மீனை உயிரோடு ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோவதை எந்த நாட்டிலும், எந்தக் காரணத்துக்காகவும் செய்யலாகாது.

விடும்போது வீசி எறிய வேண்டாம். படகின் பக்கவாட்டில் குனிந்து, வால் அடியை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் தாங்கியவாறு, மீனை நிமிர்ந்த நிலையில் நீருக்குள் பிடித்திருங்கள். முதலில் செவுள்கள் விட்டு விட்டு அசையும். சிறிது நேரத்தில் அந்த அசைவு ஒரே சீராகும். கண் கீழ்நோக்கித் திரும்பும். அப்போதும் அவசரப்படாமல், அது தானே வாலை உதறி உங்கள் பிடியிலிருந்து விலகிப் போகும் வரையில் கையை எடுக்காதீர்கள்.